கைவிடப்பட்ட வலை

கீழக்கரைத் துறையிலிருந்து ஐந்தே முக்காலுக்கு
டீசல் வாடையோடு கிளம்பினோம்.
சித்திரைக் கடைசி. கச்சான் இன்னும் எழவில்லை.
வனத்துறைச் சீட்டு பாலித்தீன் உறையில்,
உளுந்தவடை செய்தித்தாளில்,
நான்கு சிலிண்டர்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு.

“இருநூறு பார்” என்றாள் பியூலா, மானியைத் தட்டி.
“பாரா? பார் வர இன்னும் அரைமணி ஆகும்”
என்றார் சீனி நைனா.
அவருக்குப் பார் என்றால் கடலுக்கடியில் கல் விளைகிற மேடு.
எங்களுக்குக் காற்றின் அளவு.
திருத்தாமல் விட்டோம் இரண்டு பேரும்.

பூவரசன்பட்டித் தீவு இருந்த இடத்தில்
இப்போது அலை மட்டும் முறிகிறது.
அதைச் சுற்றிக்கொண்டு போனார்,
ஆள் தூங்கும் வாசலைக் கடப்பதுபோல்
விசையைக் குறைத்து.

முதுகுப்புறமாக விழுந்தேன்.
வானம் ஒருமுறை காலடிக்குப் போய் வந்தது.
மூக்கைப் பிடித்து ஊதியதில்
காதுக்குள் ஒரு பட்டாணி வெடித்தது.
பிறகு என் மூச்சின் சத்தம் மட்டும்.

நாலரை மீட்டர். முப்பத்திரண்டு புள்ளி நாலு டிகிரி.
மணிக்கட்டுக் கருவி சொல்லுமுன்
தோலுக்குத் தெரிந்துவிட்டது,
யாரோ குளித்து மிச்சம் வைத்த வெந்நீர்.

மான்கொம்புப் பவளமெல்லாம் வெள்ளை.
அழகாக இருந்தது என்று சொல்ல
என் வேலையில் இடமில்லை.
ஆனாலும் இருந்தது.
கிளிமீன் ஒன்று அதைக் கடிக்கிற சத்தம்
கற்கண்டு கடிப்பதுபோல் கேட்டது.

பியூலா நாடாவை இழுத்துப் பிடித்தாள்.
நான் பலகையில் பென்சிலால் நிரப்பினேன்:
உயிர், வெளுப்பு, வெளுப்பு, வெளுப்பு,
இறப்பு, வெளுப்பு.

பன்னிரண்டாவது மீட்டரில் நாடா சிக்கியது.
பச்சை நைலான். ஆளுயர மூளைப் பவளத்தை
இரண்டு மூன்று மடிப்பாகப் போர்த்திக் கிடந்தது.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு:
கைவிடப்பட்ட வலை.
குறி போட்டுவிட்டுக் கத்திரியை எடுத்தேன்.
கண்ணி கண்ணியாக வெட்டினோம்.
உள்ளே ஒரு நண்டு ஓடு, களவாயின் முள்,
ஒரு முனையில் உடைந்த மிதவை.
பாசியைச் சுரண்டினால்
சூட்டுக்கோலால் எழுதிய எழுத்து: சீ. நை.

நிமிர்ந்து பார்த்தேன்.
வத்தையின் அடிவயிறு தெரிந்தது.
எங்கள் குமிழிகளைப் பார்த்தபடி
பீடி குடித்துக்கொண்டிருப்பார்.
அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று
இருபது பார் காற்றை
யோசனையிலேயே செலவழித்தேன்.

மிதவையைக் கையில் வாங்கியவர்
வெட்கப்படவில்லை. சிரித்தார்.
“அட, என் வலைல்ல!
போன வருசக் காத்துல போனது. பதினெட்டாயிரம்.
வட்டி இன்னும் கட்டுறேன்.
மிச்சம் கீழ கெடக்கா?”

பலகையைப் பியூலா உரக்க வாசித்துவிட்டாள்.
அவர் பீடியைக் கடலில் போடப் போய்,
என்னைப் பார்த்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
“கைவிட்டேனா? நானா?
மூணு நாள் தேடுனேம்மா.
கையவிட்டுப் போச்சுன்னு எழுது.”

அழித்தேன். ஈரப் பலகையில்
அழித்தது முழுதாக அழியவில்லை.

வடை ஆறியிருந்தது. தின்றோம்.
அவரிடம் சொல்லாதது ஒன்று,
பியூலாவும் நானும்கூடப் பேசிக்கொள்ளாதது:
வலையை உரித்தெடுத்தபோது
அடியிலிருந்த பவளம்
நைலான் அறுத்த தழும்புகளுக்கு நடுவில்
பழுப்பாக இருந்தது.
சுற்றிலும் வெள்ளை, அங்கே மட்டும் நிறம்.
நிழல் காத்திருக்கலாம்.
ஒரே ஒரு கல்லை வைத்து எதையும் சொல்லக்கூடாது.
அதைத்தான் நாங்கள்
வெயிலுக்குத் திறந்துவிட்டு வந்திருக்கிறோம்.

படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் சின்னதாய் எழுதினேன்,
பிறகு என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை.

இரண்டாவது சிலிண்டரை மாட்டும்போது
உடைந்த மிதவையை
வத்தையின் கொம்பில் கட்டிக்கொண்டிருந்தார் சீனி நைனா.
“இன்னும் நாலு துண்டு இருக்கும்மா.
பாத்து எடு.”

தலையாட்டினேன்.
முகக்கண்ணாடிக்குள் எச்சில் துப்பித்
தேய்த்துக்கொண்டிருந்தேன்,
தேவைக்கு மேலும் கொஞ்ச நேரம்.