கத்தரிப்பூக் கோட்

பீல் நகரத்து மண்டபமொன்றில்
யாரோ ஒருவரின் மகளுக்குச் சாமத்திய வீடு.
பெண்கள் மயிலும் மாம்பழமும் தாழம்பூவுமாய் உள்ளே போக
நாங்கள் வாசலில் நின்று ஜக்கெற்றைக் கழற்றினோம்.
கறுப்பு. கறுப்பு.
கடும்நீலம், ஆனால் கறுப்பென்றே சொல்லலாம்.
கறுப்பு.
கொழுவியில் எழுபது காகங்கள்.

திரும்பும்போது ஒரு காகத்தைப் போட்டுக்கொண்டு வந்தேன்.
நாலாம் நாள்தான்,
தொழிற்சாலை வாசலில் அட்டையைத் தேடுகையில்
கைக்கு வந்தது ஓர் இருமல் இனிப்பு,
லோசானுக்குப் போன ரயில் சீட்டு,
என்னுடையதல்லாத ஒரு சாவி.
தோள் சரி. கை நீளம் சரி.
கழுத்து மடிப்பில் தேய்ந்த இடம்கூட அதே இடம்.
நாலு நாள் இன்னொருவனாய் நடந்திருக்கிறேன்;
பவளராணி கவனிக்கவில்லை.
அவளைக் குறைசொல்ல என்ன இருக்கிறது,
நானே கவனிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பழைய சாமான் கடையில்
மேசை விளக்குகளுக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவில்
அது தொங்கியது.
வெல்வெட். கத்தரிப்பூ நிறம்.
உள்ளே நெல்லிக்காய்ப் பச்சையில் பட்டுத்துணி.
பதினெட்டு பிராங்.
வாழ்க்கையில் முதல்தடவை விலை குறைத்துக் கேட்க மறந்தேன்.

முதல் மூன்று வாரம் அறைக்குள் மட்டும் போட்டேன்.
பிறகு குப்பை கொட்டப் போக, அதுவும் இரவில்.
பிறகொரு நாள் துணிவு மிஞ்சிப்போய்
மஞ்சள் சேட்டும் சிவப்புச் சப்பாத்துமாய் இறங்க
மகன் படியில் நின்று கேட்டான்:
"அப்பா, இப்ப நிக்கிறதோ, போறதோ?"
சிவப்பை அன்றே கழற்றினேன்.
மஞ்சளை விட ஒரு மாதம் எடுத்தது.
ஒரு நிறம் கதைக்கும்போது
மற்றவை வாய் மூடியிருக்க வேண்டுமென்பதை
நுஷத்தெல் ரயிலின் கண்ணாடி சொன்னது,
சுரங்கப் பாதைக்குள் நுழைந்த நேரம்.

கையை இரண்டு விரற்கடை நானே குறுக்கினேன்;
மணிக்கூட்டுக்கு முள் பூட்டுகிற விரலுக்கு
ஊசி பெரிய சாமான்.
பகலெல்லாம் வெள்ளை மேலங்கி, வெள்ளைத் தொப்பி,
தூசி விழக்கூடாத அறையில்
பதினாறு பேரும் ஒரே தட்டு முட்டைகள்.
ஐந்து பத்துக்குக் கத்தரி பூக்கும்.

"என்ன, படமேதும் எடுக்கிறாங்களோ?" என்றான் சிறீஸ்கந்தன்.
கோயிலில் ஒருவர் என் தோளில் கைவைத்து
நோயாளியிடம் கேட்கிற குரலில்
வீட்டில் எல்லாம் சரிதானே என்றார்.
பவளராணி ஒன்றும் சொல்லவில்லை.
ஆனால் அலுமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு
"இண்டைக்கு நீங்கள் அந்தக் கோட்டோ?" என்று கேட்டு
எடுத்த சேலையைத் திரும்ப வைக்கிறாள்.

நவம்பரில் ஏரியிலிருந்து மூடுபனி ஏறி
வீதி, மரம், பஸ் எல்லாம் நரைத்துவிடும்.
நாயோடு வருகிற ஒருவர்
எதிர்க்கரையிலிருந்தே கை தூக்குகிறார்.
அவர் பெயர் தெரியாது.
அதே தரிப்பில்
நான் நிற்பது பதினெட்டாவது வருடம்.

போன ஞாயிறு இன்னொரு மண்டபம்.
காகங்களுக்கு நடுவே என்னுடையது.
யாரும் மாறி எடுக்க முடியாதென்ற நிம்மதியில்
இரண்டாம் வடையையும் தின்றுவிட்டு வெளியே வந்தால்
கண்ணாடிக்கு முன்னால் சிறீஸ்கந்தன்,
என் கோட்டுக்குள்.

பக்கவாட்டில் திரும்புகிறான்.
வயிற்றை உள்ளே இழுக்கிறான்.
பொத்தானைப் பூட்டி, திறந்து, பூட்டுகிறான்.
கொலரைத் தூக்கிவிடுகிறான்
(அது பிழை, நானும் விட்ட பிழை);
கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தானே இறக்கினான்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு
மூன்றாம் வடைக்குப் போனேன்.