எந்தத் தசை

ஜனவரியில் இங்கே இரவு
பத்தரைக்குத்தான் வரச் சம்மதிக்கிறது.
அதுவரை ஜலசந்திக் காற்று
ஆய்வகத்துக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருக்கும்,
வாடகைக்கு வந்தவன் மாதிரி.

பச்சை மூடி போட்ட ஒரு குழாய் வந்தது.
ஒவிதியோ பார்ரியா. ஐம்பத்தெட்டு வயது.
கம்பளி கத்தரிப்பவர். இடது தோளில் வலி.
இன்றைக்கு மட்டும் நூற்று நாற்பது ஆடுகளாம் என்று
செவிலி போனில் சொன்னாள்,
ஆடுகள்தான் நோய் என்பதுபோல.

சுழலியில் வைத்து எடுத்தேன்.
சிவப்பு அடியில் இறங்கிவிட்டது.
மேலே, வைக்கோல் நிறத்தில்,
அவர் வாய்விட்டுச் சொல்லாததெல்லாம் நின்றது.

முதலில் பேசியது மையோகுளோபின்.
தெருச்சண்டை என்றால் முதலில் ஓடிவருகிறவன் அவன்.
அடி, அடி என்று மூச்சிரைப்பான்;
யாருக்கு என்று கேட்டால் தெரியாது.
பிறகு கிரியேட்டின் கைனேஸ்,
ஆயிரத்து அறுநூறு.
அதுவும் எல்லாத் தசைக்கும் பொதுவான ஆள்.
நாள் முழுக்கக் குனிந்து
ஆட்டை முழங்காலுக்கிடையில் இறுக்கிப் பிடித்த
தோளும் முதுகும் தொடையும்
ரத்தத்தில் நின்று கூலி கேட்டன.
அந்தக் கூச்சலில் இதயத்தை எங்கே தேடுவது?

டிரோபோனின் சாவகாசமாக வந்தது: பதினொன்று.
பதினொன்று என்றால் ஒன்றுமில்லை.
பதினொன்று என்றால் இன்னும் ஒன்றுமில்லை.

"வேலை வலிதானே, யாஸ்னா?"
டாக்டர் கத்ரிலேயோவின் குரல்.
"வெளியே லாரி. அவருடைய ஆட்கள்
ஹாரனை விடாமல் அடிக்கிறார்கள்."

நான் டாக்டர் இல்லை.
பத்தொன்பது வருஷம் குழாய்களோடு இருந்தவள்.
மூன்று மணி நேரம் கழித்து
இன்னொன்று எடுங்கள் என்றேன்.

லாரி போய்விட்டது. மாத்தே ஆறிப்போனது.
இதயம் உடையும்போது சத்தம் வராது.
உள்ளே இழுத்துப் பிடித்திருந்த கொக்கி கழன்று
வெள்ளத்தில் போகும் கதவுச்சட்டம்போல
ஊரெல்லாம் சுற்றி
முழங்கை மடிப்பில், ஒரு ஊசி முனையில்
அகப்பட வேண்டும்.
நேரமாகும்.

ஒன்று இருபதுக்கு: நூற்று எழுபத்திரண்டு.

எண்ணை இரண்டு தரம் சொன்னேன்.
அவளும் இரண்டு தரம் திருப்பிச் சொன்னாள்.
பிறகு என் தலைக்கு மேலே, மாடியில்,
ஓடும் காலடிகள்.

அவர் முகத்தை நான் பார்த்ததில்லை.
மறுநாள் குழாய் வந்தது, நாலாயிரத்துச் சொச்சம்.
அதற்கு மறுநாள் மூவாயிரம்.
குழாய் வருகிறவரை ஆள் இருக்கிறார்.
ஐந்தாம் நாள் வரவில்லை.
வராததற்கு இரண்டு அர்த்தம் உண்டு.
விசாரிப்பது என் வேலையில்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
பயம், வேறென்ன.

ஏப்ரலில், காற்று கொஞ்சம் ஓய்ந்த காலையில்
போர்வெனீரிலிருந்து படகில் வந்த பெட்டியில்
அந்தப் பெயர்.
கொழுப்புப் பரிசோதனை.
பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு என்று
படிவத்தில் டிக் வேறு.

சுழற்றி எடுத்தேன்.
வைக்கோல் நிறமில்லை. பால்.
முந்தின ராத்திரி சுட்ட ஆட்டுக்குட்டி,
விலாப்பக்கம், கொழுப்பைக் கழிக்காமல்.

மாதிரி ஏற்கத்தக்கதல்ல,
மீண்டும் வெறும் வயிற்றில் எடுக்கவும்
என்று எழுதினேன்.
எழுத்து கோணிக்கொண்டு போனது.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
நேராக எழுத வராது எனக்கு.