குளிகை

பில் எண் இருநூற்றுப் பதினேழு.
அரைக் கிலோ, கால் கிலோ அட்டைப்பெட்டிகள்,
மூடியில் தங்க நிற மயில்.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.
போன தீபாவளிக்குப் போனவை.
அவற்றில் அடைத்த மைசூர்பாகு
எந்தெந்த வீட்டிலோ கரைந்து
இப்போது பெட்டிகளில்
பொத்தானும் நூற்கண்டும் இருக்கும்.

பணம் மட்டும் இன்னும்
பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையை விட்டுக்
கிளம்பவில்லை.

வராத பணத்துக்கு வரி கட்டிவிட்டேன்.
இருபதாம் தேதிக்குப் பொறுமை கிடையாது.
காகிதச் சுருள் அனுப்பும் உடுமலைக்காரருக்கும்.
சனிக்கிழமை ஆறு மணிக்குப்
பசை காய்ந்த கையைத் தேய்த்துக்கொண்டு
வந்து நிற்கும் ஐந்து பேரும்
எதுவும் கேட்பதில்லை, நிற்பார்கள்.

ஏகாம்பரம் அண்ணன் கெட்டவர் இல்லை.
போனதும் ஸ்டூலைத் துடைத்துப் போடுவார்.
டீ சொல்வார்.
பத்து மாதத்தில் இருபத்திரண்டு டீ.
கணக்கில் கழித்துக்கொள்ளவா என்றேன் ஒருநாள்.
சிரித்தார். ஒரு தட்டில் காராபூந்தி வந்தது.

செவ்வாய்க்கிழமை காசு வெளியே விடமாட்டார்.
வெள்ளி, மகாலட்சுமி.
விளக்கு வைத்த பிறகு பேச்சே கூடாது.
அஷ்டமி. நவமி. பிரதமை.
அமாவாசையன்று கல்லாச் சாவி வீட்டில்.
அப்புறம் ஆடி,
அது முப்பத்தொரு நாள்.

ஞாயிறு ஆராதனையில்
சபை முழுக்கக் கடனாளிகளை மன்னிக்கும் இடத்தில்
எனக்கு மட்டும் இருமல் வந்துவிடும்.
அப்படிப்பட்ட மெர்லின் ஸ்டெல்லா
ஆவணியில் பாதி விலைக்குக் கிடைத்த
தினசரி காலண்டர் ஒன்று வாங்கி
பசைவாளிக்கு மேலே மாட்டினேன்.

புதன். வளர்பிறை. தசமி.
எமகண்டம் ஒன்பதுக்கு முடிகிறது,
ராகுகாலம் பன்னிரண்டுக்குத்தான்.
சூலம் வடக்கே,
அம்பத்தூரிலிருந்து பெரம்பூர் கிழக்கே.
இனி என்ன சொல்லிவிடுவார்?

கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது
அலமாரி நிறைய வேறொரு மயில்,
என்னுடையதைவிடக் கொஞ்சம் குண்டு.
"அது ரொக்கத்துக்கு வாங்கினதும்மா"
என்றார், சமாதானம் சொல்வதுபோல.

டீ வந்தது. இருபத்து மூன்று.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
சுவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.
"அடடா, பத்தரை தாண்டிடுச்சே. குளிகை.
குளிகையில ஒண்ணைச் செஞ்சா
திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும்."

"அதுதாண்ணே எனக்கும் வேணும்."

பார்சல் கட்டும் பையன்தான் முதலில் சிரித்தான்.
பிறகு பாகு கிண்டிக்கொண்டிருந்தவர்.
அண்ணன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.
கல்லாவைத் திறந்து
விரலில் எச்சில் தொட்டு எண்ணினார்.
ஐந்தாயிரம், நெய் வாசனையோடு.
ஒரு நூறு ரூபாயில் டேப் ஒட்டியிருந்தது.
மாற்றித் தரச் சொன்னேன். மாற்றினார்.

பாக்கி முப்பத்து மூவாயிரத்து நானூற்று அறுபது
என்று எழுதி எழுந்திருக்கையில்
"உக்காரும்மா" என்றார்.
"தீபாவளிக்கு ரெண்டாயிரம் பெட்டி வேணும்.
இந்தக் குண்டு மயில் சரியில்ல,
ரெண்டு நாள்ல மூடி பிளந்துக்குது.
உன் மயில் நிக்குது பாரு, அதான் மயில்.
பண்டிகை முடிஞ்ச மறுநாள்
பழசு புதுசு மொத்தமும் தந்துடறேன்."

என் மயிலைப் பற்றி
யாரும் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.
பேனா மூடாமல் கையிலேயே இருந்தது.

திரும்பும் ரயில் லோகோ ஒர்க்ஸில் நின்றபோது
உடுமலைக்காரர் அழைத்தார்.
"கொஞ்சம் வந்திருக்குண்ணே,
நாளைக்குப் போட்டுவிடறேன், கண்டிப்பா" என்றேன்.
சொல்லிக்கொண்டே ஆர்டர் தாளைப் பிரித்தேன்.
தேதிக்குப் பக்கத்தில் மணியும் எழுதுவது
என் பழக்கம்.
பதினொன்று இருபது.

பன்னிரண்டு வரை குளிகை.