விரிசல்களின் பரப்பளவு

மேலிருந்து எடுத்த படத்தில்
உங்கள் வீடு ஒரு சாம்பல் செவ்வகம்.
மூலைக்கு மூலை சுட்டியை நகர்த்திச்
சொடுக்குவதுதான் என் வேலை.
கூரை, கார் நிற்கும் தளம், கொல்லைக் கான்கிரீட்,
நீர் இறங்காத எதுவும் நீலமாகும்.
புல்லை விட்டுவிடுவேன்.
டிராம்போலினையும் விடச் சொல்லியிருக்கிறார்கள்.

ஹார்லன்ஸ் ஃபோர்டில் இருபத்தோராயிரம் கூரைகள்.
ஆயிரம் சதுர அடி நீலத்துக்கு
மாதம் இரண்டு டாலர் பத்து சென்ட்.
பெய்த மழைக்கு இல்லை ஐயா,
வேண்டாமென்று நீங்கள் தெருவில் தள்ளிவிட்ட மழைக்கு.
நாளுக்கு முப்பது முறை தொலைபேசியில் சொல்கிறேன்.
முப்பத்தோராவது ஆள் கேட்கிறார்,
"பனிக்கு எப்போது வரி?"

நகரமன்றத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்.
பேரங்காடிக்கு வந்த வழக்கறிஞர் சொன்னார்:
நாற்பது ஏக்கர் தார்தான், மறுக்கவில்லை,
ஆனால் ஒரு துளிகூட
என் கட்சிக்காரர் உற்பத்தி செய்ததல்ல.
கைதட்டினார்கள்.
பாதிரியார் லின்வுட் கேட்டார்:
எங்கள் தளம் ஞாயிறு மட்டுமே நிறைகிறது,
மற்ற ஆறு நாளுக்குத் தள்ளுபடி உண்டா?
மழைக்கு ஏது கிழமை என்றது
பின்வரிசையிலிருந்து ஒரு இருமல்.

எர்லீன் டக்கெட் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.
கட்டர் தெரு முடியும் பள்ளத்தில் அவள் வீடு.
"நான் வாங்கியது நாலு வாட்டர் ஹீட்டர்.
இந்தக் கட்டணத்தைப் பதினோரு வருஷமாகக் கட்டுகிறேன்.
ரசீதுதான் யாரும் தரவில்லை."
உட்கார்ந்துவிட்டாள்.
யாரும் தட்டவில்லை. தீர்மானம்
ஐந்துக்கு நாலில் நிறைவேறியது.

பிறகு வந்தன மேல்முறையீடுகள்.
கோழிக்கூண்டைக் கூரை என்று எண்ணிவிட்டேனாம், நிஜம்.
சரளைக்கல் தரையா கல்லா என்று
இரண்டு வாரம் அலுவலகமே சண்டையிட்டது.

ஆர்வில் ப்ரெஷ்நிக், பேருந்துப் பணிமனை மெக்கானிக்,
படிவத்தோடு கட்டம் போட்ட தாள் நான்கு இணைத்திருந்தார்.
தன் கான்கிரீட்டின் ஒவ்வொரு விரிசலையும்
ஆறுகளின் வரைபடம் போல வரைந்து
நீளம், அகலம், கிளைகள் குறித்து,
அடியில் கூட்டுத்தொகை:
பதினொன்றே கால் சதுர அடி.
இவற்றில் நீர் இறங்குகிறது. கழிக்கவும்.

அப்படியொரு கட்டம் படிவத்தில் இல்லை.
நேரில் போனேன்.
அவர் கெண்டியோடு காத்திருந்தார்.

சரிவின் தலையில் நின்று ஊற்றினார்.
நீர் நாக்கு நீட்டிக்கொண்டு வந்தது,
எண்ணெய்க் கறையைச் சுற்றிக்கொண்டு,
டாண்டெலியன் முளைத்த பிளவின் ஓரத்தில்
தயங்கியது. பிறகு இல்லை.
உள்ளே ஒரு சின்ன மிடறுச் சத்தம்.
இருவரும் முட்டியிட்டுக் கேட்டோம்.
எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

"இன்னொரு கெண்டி" என்றேன்.
கேட்டிருக்க வேண்டாம்.
அது பிளவைத் தாண்டியது, பூவைச் சாய்த்தது,
நடைபாதை ஓரம் இறங்கித்
தெருவோடு தெருவாகப் போனது.
ஆர்வில் கையில் காலிக் கெண்டியோடு
அதன் பின்னால் பத்தடி நடந்தார்.

"இது எங்கே போகும்?"
கட்டர் தெரு, சலவைக் கடை, பிறகு பள்ளம் என்றேன்.
"அந்த நாலு ஹீட்டர்காரியா?"
ஆமாம்.
"அவள் நிலவறை ஜன்னல்
தரையிலிருந்து எவ்வளவு உயரம்?"

தெரியவில்லை.
இருபத்தோராயிரம் கூரையை அளந்தவள் நான்.
மேலிருந்து எடுத்த படத்தில்
நிலவறைகள் வருவதில்லை.

பதினொன்றே கால் அடியைக் கழித்தாலும்
கணக்கு ஆயிரத்துக்கு முழுமையாக்கப்படும்,
பில் அதேதான்.
முடிவு: மாற்றமில்லை என்று எழுதினேன்.
குறிப்புகள் என்ற கோட்டில்,
யாரும் படிக்கப்போவதில்லை என்றாலும்,
எழுதினேன்:
முதல் கெண்டி இறங்கியது.