மைனஸ் முதலில்

ராத்திரி பதினொன்றுக்கே வண்டியை நிறுத்திவிட்டேன்.
காலை ஆறுக்கு பானெட்டின் மேல் கை வைத்தேன்.
நன்றாக ஆறியிருந்தது.
சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் இரும்பு பொறுத்துக்கொள்ளாது.

திறக்கும் முன் இரண்டு தட்டு.
ஏழாம் நம்பர் வீட்டுப் பூனை
பேட்டரியை ஒட்டிப் படுத்திருக்கும்.
இன்று இல்லை.
அது தின்றுபோட்ட காரப்பொடியின் முள் மட்டும்
ரேடியேட்டர் ஓரத்தில்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர். மைனஸ் முதலில்.
இதை எனக்குச் சொல்லித்தந்தது
ஒரு நீலப் பொறி.
அன்று ப்ளஸ்ஸில் கை வைத்தேன்,
ஸ்பேனரின் வால் பாடியில் உரசியது,
புருவத்தில் பாதி இன்னும் சரியாக முளைக்கவில்லை.

டைனமோவுக்கு
எம்.சி. ரோட்டில் புடவை எடுத்த கவர்.
ஃப்யூஸ் பாக்ஸுக்கு இன்னொன்று.
ஏர் ஃபில்டரின் வாய்க்கு
பிரியாணிக் கடைக் கவர், இரண்டு ரப்பர் பேண்டு.
கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி நின்றது இன்ஜின்.

ஏழு வருஷத்து அழுக்கு.
எண்ணூர்ச் சாம்பல், துறைமுகத்து நிலக்கரி,
கடலில் இருந்து தினமும் வரும் உப்பு,
எல்லாம் எண்ணெயில் குழைந்து
அடை அடையாக.
விரல் இழுத்தால் கோடு விழாது.
பழைய டூத் பிரஷ்ஷை நுரையில் முக்கி
ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்தேன்.

வாட்டர் சர்வீஸில் விட்டால் பீரங்கி மாதிரி அடிப்பான்.
கனெக்டருக்குள் புகுந்த தண்ணீர்
மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு
எர்ணாவூர் மேம்பாலத்தின் உச்சியில் பேசும்.
அதனால் செடிக்குத் தெளிக்கும் பாட்டில்,
லாரித் தண்ணீர், ஒன்றரை பக்கெட்.
போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் பொரிந்துவிடும்.
மேல்மாடியில் இருந்து ஜுபைதா
பக்கெட்டை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கறுப்பாக வழிந்ததை
கோணிப்பையும் மணலும் குடித்தன.
தெருவில் விடவில்லை.
அவள் பையன் வெறுங்காலில்தான் ஓடுவான்.

அப்புறம் தெரிந்தது அலுமினியம்.
போல்ட்டுகளின் தலையில்
மஞ்சள் மையில் ஒவ்வொரு புள்ளி.
இறுக்கியாயிற்று என்று
எந்த ஷிஃப்ட்டிலோ எவனோ வைத்த கையெழுத்து.
ஏழு வருஷம் ஓட்டியிருக்கிறேன்,
விற்கிற நாளில்தான் படிக்கிறேன்.

ஏன் விற்கிறீர்கள் என்று போனில் கேட்டார் தேசப்பன்.
ட்யூ என்றேன்.
எந்த ட்யூ என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் நான்கு சொல்லியிருப்பேன்.

துணியால் ஒற்றி, கவர்களை உருவி,
நாலு மணி நேரம் பானெட் திறந்தபடி வெயில் காட்டினேன்.
மாட்டும்போது ப்ளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.
சாவி திருப்பினேன்.
ஒரே இழுப்பில் பிடித்தது.

பத்து நிமிஷம் ஓடியிருக்கும்.
டேப்பெட் கவரின் வலது மூலையில்
இஞ்சி டீ நிறத்தில்
ஒரு சொட்டு.

அழுக்கு இருந்தவரை
அதுவும் அழுக்காக இருந்தது.
தேய்த்துத் தேய்த்து
அதற்கு ஒரு வெள்ளைத் தட்டு வைத்ததே நான்தான்.

கையில் துணி.
ஒரு துடைப்பு, அரை மணி நேரம் தாங்கும்.
அரை மணி நேரத்தில்
ஆர்.சி. புக் கை மாறிவிடும்.
போன் அடித்தது.
"டோல்கேட் தாண்டிட்டேன், காலடிப்பேட்டையில எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னேன்.
பேக்கிங் என்ன விலை, கூலி எவ்வளவு,
எவ்வளவு குறைத்துக்கொள்ளலாம் என்று
பழைய பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
சொட்டு இரண்டாகி
மஞ்சள் புள்ளியைத் தாண்டி இறங்கியது.
துணியால் கையை மட்டும் துடைத்துக்கொண்டேன்.

காசிமேட்டு பைக்கில் இரண்டு பேர்.
பின்னால் அவர் மச்சான், கையில் டார்ச்.
இன்ஜினைப் பார்த்ததும் தேசப்பனின் முகம் சுருங்கியது.
"கழுவிட்டீங்களா?"

"ஆமாங்க" என்று
மச்சானிடம் டார்ச்சை வாங்கி
வலது மூலையில் அடித்தேன்.