ஸ்தானாபதி காரியதரிசியின் காப்பித் தோட்டம்

டிரெஹார்ன் துரைக்கு நான் கணக்குப்பிள்ளை.
காப்பி மூட்டை, கூலி, மட்டக்குதிரைக்குக் கொள்ளு.
ஏற்காட்டில் மழை பிடித்தால் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும்.
அப்புறம் துரை ருஷ்யாவைத் திறப்பார்.

பதினோரு வருஷம் அங்கே
இங்கிலீஷ் ஸ்தானாபதிக்குக் காரியதரிசி.
கிளியும் மேகமும் கூலியில்லாமல் போன வேலைக்கு
இவருக்கு மாசச் சம்பளம், ரோமக் கோட்டு.
என்ன வேலை என்று கேட்டேன்.
"காத்திருப்பது" என்றார்.
பளிங்குத் தாழ்வாரத்தில், இடுப்பு வாள் முழங்காலில் இடிக்க.
பிரெஞ்சுக்காரனுக்கு முன்னால் நிற்பதா பின்னால் நிற்பதா,
அதற்கே ஒரு குளிர்காலம் செலவாகுமாம்.

எழுதும் கடிதத்தைத் தபால் கச்சேரியில்
ஆவி காட்டிப் பிரிப்பார்கள்.
அது தெரிந்துதான்
அரண்மனைக் காதில் விழ வேண்டியதையெல்லாம்
ஊரிலிருக்கும் தங்கைக்கு எழுதுவார்.
பாவம் அந்த அம்மாள்,
பதினோரு வருஷமும் சணல் விலை படித்திருக்கிறாள்.

இன்னொரு கதை, நிஜமா என்று அவருக்கே நிச்சயமில்லை:
வெகு காலத்துக்கு முன் ஒரு வேற்றுநாட்டுத் தூதன்
ஜார் முன்னால் தொப்பியைக் கழற்றவில்லையாம்.
தொப்பியோடு சேர்த்து மண்டையில் ஆணி.
அடுத்து உள்ளே போனவன் இங்கிலீஷ்காரன்.
அவனும் கழற்றவில்லை.
இந்த இடத்தில் துரைக்குக் கண் கலங்கும்.
பிராந்தியாகவும் இருக்கலாம்.

சேர்வராயன் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு
கரடியூர்ப் பட்டக்காரர் சடையக் கவுண்டர் வந்தார்.
மாடு போகும் பாதையை மறித்து
துரை மூங்கில் வேலி போட்டிருந்தார்.
வராந்தாவில் ஏறினார் கவுண்டர்,
கழற்றாத செருப்போடு.
பட்லர் ஆரோக்கியம் இருமினான். மறுபடி இருமினான்.
"கழற்றச் சொல்" என்று உள்ளேயிருந்து துரை.

எனக்கு நாக்கு எழவில்லை.
பேச்சை மாற்றுவதாக நினைத்து
தொப்பிக் கதையைச் சொல்லித் தொலைத்தேன்.
கவுண்டர் முழுக்கக் கேட்டார்.
"ராசா தன் கையாலயா அடிச்சாரு?" என்றார்.
"சுத்தியலை ஒரு ஆளு பிடிச்சிருப்பானே.
அவன் பேரு என்ன, கணக்கரே?"

துரையிடம் அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

துரை வெளியே வரவில்லை.
அது அவர் படித்த வித்தை.
கவுண்டர் தூணில் சாய்ந்து வெற்றிலை மடித்தார்.
பனி ஏறி வந்து படியை விழுங்கியது,
மூன்று நாழிகை கழித்து உமிழ்ந்தது.
படியில் அதே செருப்பு, அதே கால்.
ஜன்னல் திரை ஒரு விரல் அளவு விலகியதைப் பார்த்தேன்.
அந்தக் கண்ணில் கோபம் இல்லை.
பளிங்குத் தாழ்வாரத்தில் தன் பக்கத்தில் நின்ற ஒருவனை
அடையாளம் கண்டதுபோல் இருந்தது.
விளக்கு வைத்ததும் கவுண்டர் எழுந்தார், போனார்.
வணக்கமும் இல்லை, வசவும் இல்லை.

அன்று ராத்திரி தங்கைக்கு ஒரு கடிதம்.
சேலம் தபால் பையில் போடு என்றார்.
அரக்கு வைக்கவில்லை.
"மறந்துவிட்டீர்கள்" என்றேன்.
"அப்படியா" என்றார்.

வழியில் பிரித்தேன்.
'அன்புள்ள மார்த்தா, என் வேலியில்
இரண்டு மாடு சேர்ந்து நுழையும்படி ஓர் இடைவெளி.
நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை.'

வேலியில் இடைவெளி ஏதும் இல்லை.
விடியுமுன் ஆள் கூட்டிப் போய்
ஆறு மூங்கில் பிடுங்கினேன்.
கணக்கில் கறையான் என்று எழுதினேன்.

மார்த்தா அம்மாளுக்கு
இதுவும் விளங்கியிருக்காது.