தூரக் கணக்கு

ராயபுரத்தில் விடியும்போது
முதலில் வருவது மீன் லாரியின் ஹாரன்,
அப்புறம்தான் வெளிச்சம்.
இன்று இரண்டுக்கும் முன்னால்
வலி வந்துவிட்டது.

தொப்புளுக்குக் கீழே
யாரோ ஈரத்துணி பிழிகிறார்கள்.
பிழிந்தவர்கள் உதறிக் காயப்போட வேண்டியதுதானே?
மறுபடி முறுக்குகிறார்கள்.

மொட்டைமாடிக்கு முப்பத்தொன்பது படி.
இருபதாவதில் உட்கார்ந்துவிட்டேன்.
யாரும் பார்க்கவில்லை என்பதால்
கொஞ்ச நேரம் அழவும் செய்தேன்,
பெரிதாக ஒன்றுமில்லை,
மூக்கைத் துடைத்தால் தீர்ந்துபோகிற அளவு.

"நல்லா நடங்க" என்றார் டாக்டர்,
சீட்டில் எழுதிக்கொண்டே, நிமிராமல்.
எங்கே என்று அவரும் சொல்லவில்லை
நானும் கேட்கவில்லை.
கீழே தெருவில் நடந்தால்
ஐஸ் பெட்டித் தண்ணீர் செருப்புக்குள்,
டீக்கடைப் பார்வை முதுகில்.
ஆகவே தண்ணீர் டேங்க்கைச் சுற்றுகிறேன்.
ஆன்டெனா, துணிக்கொடி,
ஃபிலோமினா அக்கா காயப்போட்ட நெத்திலி,
மறுபடி டேங்க்.
ஒரு சுற்றுக்கு முப்பத்தொரு காலடி.
என்னுடைய இன்னொரு சுற்றுக்கும்
ஏறக்குறைய அவ்வளவே நாள்,
சில மாதம் தப்பும்.

அம்மா இதைத் தூரம் என்பாள்.
"அவ தூரமா இருக்கா" என்று
கதவுக்குப் பின்னாலிருந்து, குரலை இறக்கி.
எவ்வளவு தூரம் என்று
ஏழாம் வகுப்பில் கேட்டுக்
குட்டு வாங்கினேன்.
இப்போது மணிக்கட்டில் வாட்ச் சொல்கிறது:
நானூற்று இருபது மீட்டர்.

டேங்க் மேடையில் போனைச் சாய்த்து வைத்தேன்.
வீடியோவில் அந்தப் பெண்
முழங்காலை மார்புக்கு இழுத்துச் சிரிக்கிறாள்.
அவளுக்கு இன்று தேதி இல்லை போலும்.
நான் இழுத்தேன்.
இரவெல்லாம் ஆறிய சிமென்ட் தரை
முதுகுக்கு இதமாக இருந்தது,
அதற்காகவே படுத்துக் கிடந்தேன்.
மூச்சை வயிற்றுக்கு அனுப்பச் சொன்னாள்.
அனுப்பினேன்.
அது பாதி வழியில் திரும்பி வந்தது.

பத்து மணிக்குக் கடை திறக்கும்.
புடவை செக்‌ஷன், இரண்டாவது மாடி.
சட்டம் வந்த பிறகு
எங்களுக்கும் நாற்காலி போட்டிருக்கிறார்கள்.
அதில் இப்போது உட்கார்ந்திருப்பது
பிரிக்காத பட்டுப்பெட்டிகள்.
ஹசீனா சொல்வாள்,
வலி வந்தால் கீழ் ரேக்கில்
எதையோ தேடுவதுபோலக் குந்திக்கொள் என்று.
நாங்கள் இருவரும் தேடித் தேடி
அந்த ரேக்கை மனப்பாடம் செய்துவிட்டோம்.

பக்கத்து மாடியில் யேசுபாதம்
புறாக்களை ஏவிவிட்டார்.
விசில். கொடிக்கம்பை ஒரு ஆட்டு.
இருபது புறா ஒரே துணியாகத் திரும்பிற்று.
ஞாயிற்றுக்கிழமை பந்தயம்,
இறங்காமல் எத்தனை மணி நேரம் என்று கணக்கு.
கூண்டில் ஒன்று மட்டும் இருந்தது.
"அதுக்கு என்னண்ணே?"
"முட்ட வெக்கிற நேரம்மா. பொட்டைய
இப்ப பறக்கவுட்டா பாவம்."
சொன்னவர் என்னைப் பார்த்தார்,
இடுப்பில் ஊன்றிய என் கையைப் பார்த்தார்,
சட்டென்று வானத்தைப் பார்த்தார்.

பாவம் என்பதை என் கடையில்
யாரிடம் எழுதிக் கொடுப்பது?
ஆனாலும் கூண்டு வேண்டாம் எனக்கு.
இந்த டேங்க்கைச் சுற்றும் பாதை போதும்,
வேண்டியபோது வேகம், வேண்டாதபோது
கைப்பிடிச் சுவரில் நெற்றி.

கீழே யாரோ மோட்டார் போட்டார்கள்.
காலிடேங்க்கில் தண்ணீர் விழும் சத்தம்
காதில் தெளிவாக விழுந்தபோதுதான் தெரிந்தது,
கொஞ்ச நேரமாக நான்
வயிற்றைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

உடனே அது ஞாபகப்படுத்திற்று.
சரி, வந்தாயா, வா என்று
இன்னும் நான்கு சுற்று.

நடை முடிந்ததா என்று கேட்டது வாட்ச்.
ஆம், இல்லை எதையும் தொடாமல்
படி இறங்கினேன்.
முப்பத்தொன்பதும்
தூரத்தில் சேரட்டும்.